‘உங்களப் பத்தி ஒரு சொப்பனம் கண்டேன்’: பைபிளில் கனவுகள் எப்படி வேலை செய்கின்றன?

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்ணலாமா வேண்டாமா என்று ரெண்டு மாசம் யோசித்தேன். வழக்கமா நம்ம பேசுற விஷயங்கள் மாதிரி இது இல்ல. கொஞ்சம் வீட்டு விஷயமும் கலந்து வரும். பரவாயில்லை என்றால் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள், ஆரம்பிப்போம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்க அப்பா நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியுவில் இருந்தார். நுரையீரலில் தொற்று. ரெண்டாவது நாள் சாயங்காலம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வரவேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க” என்றார். வரவேண்டியவன் ஒரே ஆள், என் தம்பி. துபாயில் இருக்கிறான். அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு நேரடி விமானம் உண்டு. நாலு மணி நேரம். அப்புறம் ரெண்டு மணி நேரம் கார். அவ்வளவுதான். லேப்டாப்பைத் திறந்து டிக்கெட் பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் சபையின் ஜெபக்குழுவில் இருக்கும் ஒரு மாமா வந்தார். அப்பாவோடு நாற்பது வருஷப் பழக்கம். ஐசியு வாசலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ராத்திரி ஒரு சொப்பனம் கண்டேன். அவரு வெள்ள வேட்டி கட்டி ஆலயத்து வாசல்ல நடந்து போறாரு. கர்த்தர் எழுப்பிட்டாரு. பயப்படாதீங்க.”

அம்மா அழுதார். ரெண்டு நாளில் முதல் முறையாக ஒரு காபி குடித்தார். பிறகு என்னிடம், “தம்பி புது வேலைல சேந்து ஒரு மாசம் கூட ஆகல்ல. இப்ப லீவு கேட்டா என்ன நெனப்பான்? அப்பா வீட்டுக்கு வந்த பெறகு வரட்டும் மக்களே” என்றார். நான் அந்த டேப்பை மூடினேன். மூடியது நான்தான். அதை யார் மேலும் போட முடியாது.

நாலாவது நாள் ராத்திரி அப்பா போய்விட்டார். தம்பி அடக்கத்துக்கு வந்து சேர்ந்தான். யாரிடமும் கோபப்படவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மொட்டை மாடியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: “டாக்டர் எப்பண்ணே சொன்னாரு?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் நான் பைபிளில் கனவு வரும் இடத்தையெல்லாம் வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன். நம்பிக்கையை உடைக்கவும் இல்லை, நிரூபிக்கவும் இல்லை. எங்க வீட்டில் அன்னிக்கு நடந்தது என்ன என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. படித்ததைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எங்கெல்லாம் கனவு வருகிறது?

முதலில் வார்த்தை. நம்ம சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘சொப்பனம்’ என்று இருக்கும். கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் ‘கனவு’. ரெண்டும் ஒன்றுதான். ஆனால் ‘சொப்பனம்’ என்று சொன்ன உடனே அதற்கு ஒரு எடை வந்துவிடுகிறது, இல்லையா? “நேத்து ஒரு கனவு வந்துச்சு” என்றால் சிரிப்போம். “நேத்து ஒரு சொப்பனம் கண்டேன்” என்றால் எழுந்து உட்காருவோம்.

பைபிள் பெரிய புத்தகம். கனவுகள் அதில் எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சில இடங்களில் கொத்தாக வரும், மற்ற இடங்களில் அமைதி. ஆதியாகமத்தில் ஒரு கொத்து: அபிமெலேக்கு, யாக்கோபு, லாபான், யோசேப்பு, பார்வோன். தானியேல் புத்தகத்தில் ஒரு கொத்து. நடுவில் கிதியோன் கதையில் ஒன்று, கிபியோனில் சாலொமோன் ராஜாவுக்கு ஒன்று.

புதிய ஏற்பாட்டில் இன்னும் ஆச்சரியம். நாலு சுவிசேஷங்களில் மத்தேயுவில் மட்டும்தான் கனவு வழியாகச் செய்தி வருகிறது. மொத்தம் 6. அதில் 4 மரியாளின் கணவர் யோசேப்புக்கு, ஒன்று சாஸ்திரிகளுக்கு, கடைசி ஒன்று பிலாத்துவின் மனைவிக்கு. மத்தேயு கனவுக்குப் பயன்படுத்தும் ‘ஓனார்’ என்ற கிரேக்கச் சொல், புதிய ஏற்பாட்டில் அவரைத் தவிர வேறு யாரும் எழுதவில்லை. மாற்கு, லூக்கா, யோவான் மூன்று பேரும் இயேசுவின் கதையை ஒரு கனவுகூட இல்லாமல் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஆக, கனவு ஒரு வழி. அது மட்டும்தான் வழி என்றோ, முக்கியமான வழி என்றோ பைபிள் சொல்லவில்லை. எண்ணாகமம் 12இல் ஒரு தரவரிசையே இருக்கிறது: மற்ற தீர்க்கதரிசிகளுக்குத் தரிசனமும் சொப்பனமும், மோசேக்கு மட்டும் நேருக்கு நேர் பேச்சு. கனவு அங்கே ஒரு படி கீழே நிற்கிறது.

அர்த்தப் பட்டியல் இல்லாத புத்தகம்

“கனவுல பாம்பு வந்தா என்ன அர்த்தம்? பல்லு விழுந்தா என்ன அர்த்தம்?” என்று நம்ம எல்லாரும் கூகுளில் தேடியிருப்போம். இது புதுப் பழக்கம் இல்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு எகிப்தியப் பாப்பிரஸ் இருக்கிறது. செஸ்டர் பீட்டி பாப்பிரஸ் என்று பெயர். கிமு 13ஆம் நூற்றாண்டு. அது ஒரு கனவு அகராதி. கனவில் இதைக் கண்டால் நல்லது, இதைக் கண்டால் கெட்டது, இன்ன அர்த்தம் என்று வரிசையாகப் பட்டியல். கெட்டதைச் சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள். கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் கனவு வந்தால் கெட்டதாம், இன்னொரு மனைவி வரப்போகிறாள் என்று அர்த்தமாம்! என் மாதிரி ஆளுங்களுக்குச் சட்டென்று புரியும்: இது ஒரு லுக்-அப் டேபிள். இந்தப் பக்கம் கனவைக் கொடு, அந்தப் பக்கம் பலன் வரும்.

இப்போது இந்தப் பின்னணியை வைத்துக்கொண்டு எகிப்துச் சிறையில் இருக்கும் யோசேப்பைப் பாருங்கள். பார்வோனுக்குப் பானம் கொடுப்பவரும், ரொட்டி சுடுபவரும் ஒரே ராத்திரியில் ஆளுக்கொரு கனவு காண்கிறார்கள். ஒருவருக்கு மூன்று திராட்சைக் கொடி, இன்னொருவருக்கு மூன்று கூடை. ரெண்டிலும் மூன்று என்றால் மூன்று நாள். ஆனால் ஒருவருக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது, இன்னொருவருக்கு மரணம். பட்டியல் கையில் இருக்கிறது என்று யோசேப்பு ஒரு இடத்திலும் சொல்வதில்லை. அர்த்தம் சொல்வது கடவுளுடைய வேலை, என்னுடையது இல்லை என்றுதான் ஆரம்பிக்கிறார். பைபிள் முழுக்கத் தேடினாலும், கனவில் இது வந்தால் இது அர்த்தம் என்ற பட்டியல் கிடைக்காது. ‘பைபிள்படி கனவுப் பலன்’ என்று யாராவது வீடியோ போட்டால் அந்தப் பட்டியல் அவர்களுடையது.

பார்வோன் கனவும் நமக்குத் தெரிந்ததுதான். ஏழு கொழுத்த மாடு, ஏழு மெலிந்த மாடு. ஏழு வருஷம் விளைச்சல், ஏழு வருஷம் பஞ்சம். ஆனால் நான் இந்த முறை படிக்கும்போது கவனித்தது அதற்கு அடுத்த பகுதி. யோசேப்பு அர்த்தத்தைச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. அதே மூச்சில் ஒரு திட்டம் கொடுக்கிறார்: விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள், மேற்பார்வைக்கு ஆள் போடுங்கள், நகரங்களில் களஞ்சியம் வையுங்கள். கனவு தப்பாகவே போயிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? எகிப்திடம் கொஞ்சம் தானியம் கூடுதலாக இருந்திருக்கும். அவ்வளவுதான் நஷ்டம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இங்கே திரும்பி வருவேன்.

யோசேப்பின் சொந்தக் கனவு வேறு மாதிரி. சூரியனும் சந்திரனும் பதினொரு நட்சத்திரங்களும் அவரை வணங்குகின்றன. அப்பா யாக்கோபு உடனே கேட்கிறார், நானும் உன் அம்மாவும் உன் காலில் விழணுமா என்று. ஆனால் ரெண்டு அதிகாரத்துக்கு முன்னாலேயே அம்மா ராகேல் இறந்துவிட்டார்! சந்திரன் யார் என்று படிக்கிறவர்கள் இன்றுவரை விவாதிக்கிறார்கள். புத்தகம் அதைச் சரிசெய்து காட்டவில்லை. அப்படியே விட்டுவிடுகிறது. யோசேப்புக்கு அப்போது வயது 17. அண்ணன்மார் வந்து காலில் விழும்போது இருபது வருஷத்துக்கும் மேல் ஓடிவிட்டது. நடுவில் குழி, அடிமை வாழ்வு, சிறை. கனவைச் சொன்னதால்தான் குழியில் விழுந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

தானியேல் 2இல் வரும் நேபுகாத்நேச்சார் ராஜா எனக்கு ரொம்பப் பிடித்த கேரக்டர். ஞானிகளைக் கூப்பிட்டு, என் கனவுக்கு அர்த்தம் சொல்லுங்கள், ஆனால் கனவு என்ன என்று நான் சொல்லமாட்டேன், அதையும் நீங்களே சொல்லுங்கள் என்கிறார். சொல்லாவிட்டால் தலை போய்விடும். கொடுமைக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய லாஜிக் சுத்தமாக இருக்கிறது: கனவைச் சொல்லிவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒரு கதை கட்டலாம். கனவையே சொன்னால்தான் அர்த்தத்தையும் நம்புவேன். நம்ம டெஸ்டிங் டீமில் வேலைக்கு எடுக்கவேண்டிய ஆள்.

கனவைச் சந்தேகிக்கும் பைபிள்

இதுவரை சொன்னது ஞாயிறு பள்ளியில் கேட்டதுதான். எனக்கு யாரும் சொல்லித்தராத பகுதி இனிமேல்தான்.

கனவை நம்பாதே என்று சொல்லும் பகுதிகள் பைபிளில் நிறைய இருக்கின்றன. உபாகமம் 13 சொல்வது: ஒருவன் சொப்பனம் கண்டதாக வந்து ஒரு அடையாளம் சொல்கிறான், அது நடந்தும் விடுகிறது. ஆனால் அவன் உங்களை வேறு தெய்வத்திடம் கூட்டிப்போனால் கேட்காதீர்கள். அதாவது ‘அவர் சொன்னது பலித்தது’ என்பது மட்டும் சான்று ஆகாது. அதே புத்தகம் 18ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியைப் பற்றி மறுபக்கத்தையும் சொல்கிறது: கர்த்தர் பேரில் சொன்னது நடக்காமல் போனால், அது கர்த்தர் சொன்னது இல்லை, அவனுக்குப் பயப்படவேண்டாம்.

பிரசங்கி 5 இன்னும் எதார்த்தம். வேலைத் தொல்லை அதிகமானால் கனவு வரும் என்கிறது. ஸ்பிரின்ட் முடிகிற வாரத்தில் எனக்கு வரும் கனவெல்லாம் இந்த வகைதான். கத்தோலிக்க பைபிளில் இருக்கும் சீராக் நூல், 34ஆம் அதிகாரத்தில், கனவை நம்புகிறவனை நிழலைப் பிடிக்கப் பார்க்கிறவனோடு ஒப்பிடுகிறது. உன்னதரே அனுப்பினால் ஒழிய மனசை அதில் வைக்காதே என்று ஒரு வாசலையும் திறந்து வைக்கிறது.

ஆனால் என்னை உலுக்கியது எரேமியா. கிமு 597இல் பாபிலோன் ராஜா எருசலேமைப் பிடித்து, ராஜாவையும் ஆயிரக்கணக்கான ஜனங்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோகிறார். அங்கே அவர்களுக்குள் சொப்பனம் காண்கிறவர்களும் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களும் கிளம்புகிறார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்று எரேமியாவின் பதிலை வைத்தே ஊகிக்கலாம்: பயப்படாதீங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம். எரேமியா எருசலேமிலிருந்து ஒரு கடிதம் எழுதுகிறார். அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளுக்கும் பண்ணிவையுங்கள். இது 70 வருஷம்.

யோசித்துப் பாருங்கள். பொய்க் கனவு என்றால் பயமுறுத்துகிற கனவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். எரேமியா திட்டுவது ஆறுதலான கனவை. மனுஷன் கேட்க ஆசைப்படுவதையே சொல்கிற கனவை. அது ஏன் ஆபத்து? நாளைக்கே திரும்பிவிடுவோம் என்று நம்புகிறவன் வீடு கட்டமாட்டான், மரம் நடமாட்டான். செய்யவேண்டியதைச் செய்யவிடாமல் அவனை உட்காரவைத்துவிடும். இந்த இடத்தைப் படித்த அன்றைக்கு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எனக்கு அந்த டிக்கெட் டேப் ஞாபகம் வந்துவிட்டது.

சபை என்ன செய்தது?

பைபிள் காலத்துக்குப் பிறகும் கனவு நிற்கவில்லை. 203ஆம் வருஷம், வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரம். பெர்பேத்துவா என்று சுமார் 22 வயதுப் பெண், கைக்குழந்தைக்காரி, கிறிஸ்தவள் ஆனதற்காகச் சிறையில் இருக்கிறார். அவர் சிறையில் சொன்ன குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவருடைய சகோதரன் கேட்கிறான்: விடுதலையா, சாவா என்று கடவுளிடம் கேட்டுச் சொல். அவர் ஒரு கனவு காண்கிறார். வானத்தை எட்டும் வெண்கல ஏணி, ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறமுடியும். ரெண்டு பக்கமும் வாளும் ஈட்டியும். அடியில் ஒரு பெரிய பாம்பு. ஏறிப் போனால் மேலே ஒரு தோட்டம், ஆடு கறக்கும் ஒரு மேய்ப்பர். விழித்ததும் ரெண்டு பேரும் புரிந்துகொள்கிறார்கள்: விடுதலை கிடையாது. அந்தக் கனவு சாவுக்கு அவர்களைத் தயார்படுத்தியது. எங்க வீட்டுக்கு வந்த கனவுக்கு நேர் எதிர்.

அகுஸ்தீனாரின் அம்மா மோனிக்கா கதையும் எனக்குப் பிடிக்கும். மகன் ஒருநாள் தன் விசுவாசத்துக்கு வருவான் என்று முன்பு ஒரு கனவு கண்டவர் அவர். அது அவருக்கு வருஷக்கணக்கில் தெம்பு கொடுத்தது. பிறகு மகனுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, அதைப் பற்றியும் ஒரு கனவு தா என்று வேண்டினார். ஏதேதோ வந்தது. ஆனால் அவரே சொல்லிவிட்டார், இது கடவுளிடமிருந்து வந்தது இல்லை, என் மனசு ஆசைப்பட்டுக் காண்பது என்று. வித்தியாசம் தனக்குத் தெரியும் என்றாராம், வார்த்தையில் சொல்லமுடியாத ஒரு ருசி மாதிரி. கனவை நம்புகிற அம்மாவே ஒரு கனவைத் தள்ளிவைத்தார். அதுதான் முக்கியம்.

ஜெரோம், பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்தவர். காய்ச்சலில் கிடந்தபோது ஒரு கனவு: நியாயாசனத்தின் முன் நிறுத்தப்படுகிறார். நான் கிறிஸ்தவன் என்கிறார். இல்லை, நீ சிசரோவின் ஆள் என்று பதில் வந்து அடி விழுகிறது. இனிமேல் உலகப் புத்தகங்களைத் தொடமாட்டேன் என்று கனவிலேயே சத்தியம் பண்ணுகிறார். 384இல் ஒரு கடிதத்தில் இதை உருக்கமாக எழுதினார். பல வருஷம் கழித்து ருஃபீனஸ் என்கிற பழைய நண்பர், நீ சத்தியத்தை மீறி அதே புத்தகங்களை மேற்கோள் காட்டுகிறாயே என்று மடக்கினார். ஜெரோமின் பதில் சுருக்கமாக: கனவில் பண்ணின சத்தியத்துக்கெல்லாம் கணக்கு கேட்பாயா?

இவர் மொழிபெயர்ப்பில் இன்னொரு சுவாரசியம். லேவியராகமம் 19இல் தடைசெய்யப்பட்ட பழக்கங்களின் பட்டியலில், குறி பார்ப்பதைச் சொல்லும் ஒரு எபிரேயச் சொல் வருகிறது. நம்ம தமிழ் பைபிள் அதை ‘நாள் பார்ப்பது’ என்று போட்டது. ஜெரோம் ‘கனவுகளைக் கவனிப்பது’ என்று போட்டார். ஒரே சொல். தமிழ் வாசகருக்குப் பஞ்சாங்கம் ஞாபகம் வரும், லத்தீன் வாசகருக்குக் கனவு. மொழிபெயர்ப்பில் ஒரு வரி மாறினால் எத்தனை நூற்றாண்டுக்கு அதன் விளைவு ஓடும் என்று பாருங்கள்.

ஆறாம் நூற்றாண்டின் கடைசியில் திருத்தந்தை முதலாம் கிரகோரியார் கனவை ஆறாகப் பிரித்தார். வயிறு நிறைந்ததால் வருவது, வயிறு காலியாக இருப்பதால் வருவது, மாயை, நம் எண்ணமும் மாயையும் கலந்தது, வெளிப்பாடு, நம் எண்ணமும் வெளிப்பாடும் கலந்தது. முதல் ரெண்டு இடம் வயிற்றுக்கு! ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் படுக்கிறவர்கள் கவனிக்கவும். கலப்பு வகை என்று ஒன்றை அவர் ஒத்துக்கொண்டதுதான் எனக்கு நேர்மையாகப் பட்டது. எது என் ஆசை, எது கடவுள் என்று உள்ளிருந்தே பிரிப்பது கஷ்டம்.

அறிவியல் இதற்குப் பிறகு வந்தது. தூக்கத்தில் கண் வேகமாக அசையும் ஆர்.இ.எம். கட்டத்தை அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் அதிகமாக வருவது அப்போதுதான். ஒரு ராத்திரியில் நாலைந்து முறை அந்தக் கட்டம் வந்துபோகும். ஒரு சபையில் முந்நூறு பேர் ஒரே நோயாளிக்காக ஜெபம் பண்ணும்போது, அதில் யாராவது ஒருவருக்கு அவர் எழுந்து நடப்பதுபோல் கனவு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நோயாளி பிழைத்தால் அந்தக் கனவு சாட்சியாகச் சொல்லப்படும். பிழைக்காவிட்டால் யாரும் மைக்கைப் பிடிக்கமாட்டார்கள். பலித்த கனவுகளை மட்டுமே நாம் கேட்டு வளர்கிறோம்.

எனக்குக் கிடைத்த நாலு கேள்விகள்

யாராவது உங்களிடம் வந்து, “உங்களப் பத்தி ஒரு சொப்பனம் கண்டேன்” என்றால் என்ன செய்வது? வேலை, கல்யாணம், வெளிநாடு, ஆபரேஷன், எதுவாகவும் இருக்கலாம். முகத்தில் அடித்தமாதிரி பேசவேண்டாம். இந்த நாலைக் கேளுங்கள். நாலும் பைபிளிலிருந்தே எடுத்தவை.

ஒன்று, இந்தக் கனவுக்கு விலை கொடுக்கப்போவது யார்? மத்தேயுவின் யோசேப்பைப் பாருங்கள். சுவிசேஷங்களில் அவர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. கனவு வரும், எழுந்திருப்பார், செய்வார். மனைவியைச் சேர்த்துக்கொண்டதும், ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குக் கிளம்பியதும் அவர் தலையில் விழுந்த வேலை. கனவு கண்டது ஒருவர், விலை கொடுப்பது இன்னொருவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பிலாத்துவின் மனைவி மாதிரி விதிவிலக்கும் உண்டு. ஆனால் அவர்கூட அந்த மனுஷனை ஒன்றும் செய்யாதே என்றுதான் சொல்லி அனுப்பினார். ஒருவரைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

ரெண்டு, கனவு கண்ணைத் திறக்கச் சொல்கிறதா, மூடச் சொல்கிறதா? யோசேப்பு எகிப்திலிருந்து திரும்பும்போது, ஏரோதின் மகன் அர்கெலாயு ஆள்கிறான் என்று கேள்விப்பட்டுப் பயப்படுகிறார். அதற்குப் பிறகுதான் கனவில் எச்சரிப்பு வருகிறது. கலிலேயாவுக்குத் திரும்புகிறார். ஊர்ச் செய்தியும் கனவும் ஒரே திசையில் நிற்கின்றன. டாக்டர் சொன்னதை மறந்துவிடு என்று அந்தக் கனவு சொல்லவில்லை.

மூன்று, ஒருவர் கண்டதை எத்தனை பேர் சேர்ந்து யோசித்தார்கள்? அப்போஸ்தலர் 16இல் பவுலுக்கு ராத்திரியில் ஒரு தரிசனம், மக்கெதோனியாக்காரன் ஒருவன் கூப்பிடுகிறான். கண்டது பவுல். ஆனால் இது கடவுள் அழைப்பு என்று நாங்கள் முடிவுக்கு வந்தோம் என்று பன்மையில்தான் எழுதியிருக்கிறது.

நாலு, கனவு தப்பானால் நஷ்டம் என்ன? இங்கேதான் யோசேப்பின் களஞ்சியத்துக்குத் திரும்பி வருகிறேன். கனவு உண்மையானாலும் பொய்யானாலும் நிற்கக்கூடிய ஒரு காரியத்தை அவர் செய்தார். எங்க வீட்டில் அன்று அந்த டிக்கெட்டைப் போட்டிருந்தால்? அப்பா பிழைத்திருந்தால் கொஞ்சம் பணம் போயிருக்கும், தம்பிக்கு நாலு நாள் லீவு போயிருக்கும். அப்பா அவனைப் பார்த்துச் சிரித்திருப்பார். பிழைக்காவிட்டாலும் பார்த்திருப்பான். கனவை நம்பிக்கொண்டே டிக்கெட்டும் போட்டிருக்கலாம். ரெண்டுக்கும் நடுவில் சண்டையே இல்லை. சண்டை இருப்பதாக நினைத்ததுதான் நாங்கள் செய்த தப்பு. டிக்கெட் போட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமோ என்று அம்மாவும் பயந்தார், நானும் பயந்தேன்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் மணிலாவில் பேசும்போது, தன் மேஜையில் தூங்கும் சூசையப்பர் சொரூபம் ஒன்று இருப்பதாகவும், பிரச்சினை வந்தால் ஒரு சீட்டில் எழுதி அதற்கு அடியில் வைப்பதாகவும் சொன்னார். ஆனால் ஓய்வெடுத்த பிறகு எழுந்திருக்கவும் வேண்டும் என்பதையும் அதே பேச்சில் வலியுறுத்தினார். நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் அது எனக்குப் பிடித்திருக்கிறது. யோசேப்பு கண்ட கனவுகளில் முதலில் வரும் வேலை எழுந்திருப்பதுதான்.

கடைசியாக ஒன்று. இந்த எபிசோடுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது அந்த மாமாவைப் பார்த்தேன். அவரைப் பற்றிப் பேசப்போகிறேன், பெயர் சொல்லமாட்டேன் என்று அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “நான் கண்டது நெசம் மக்களே. பொய் சொல்லல்ல. அவன் எந்திரிச்சு நடக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆச. அந்த ஆசைக்குக் கர்த்தர் பேர நான்தான் போட்டேன். உங்க அம்மாகிட்ட ‘ஒரு கனவு கண்டேன்’னு மட்டும் சொல்லியிருந்திருக்கணும்.”

இதைத் தம்பியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “மாமாவுக்கும் அப்பா மேல பிரியம்தான்ணே” என்றான். அடுத்த மாசம் வருகிறான். டிக்கெட்டை நான் போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சொப்பனத்தை வைத்து ஏதாவது முடிவு எடுத்திருந்தால், அதைப் பற்றி வீட்டில் ஒரு தடவை பேசிப்பாருங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம். நல்லா தூங்குங்க.